அறையின் ஒலி, ஒரு நிமிடம்

"அக்கா, ஒரு நிமிஷம் யாரும் பேசக் கூடாது. இந்த ரூமோட சத்தத்த மட்டும் தனியா எடுத்துக்கிடுதேன்."

யோகலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பேசச் சொல்லி வந்துட்டு, இப்பம் பேசாதங்கியே எப்சிபா," என்று முந்தானைக்குள்ளேயே சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அடங்கும்வரை காரணத்தைச் சொன்னேன். பேட்டியில் வரும் இருமலையும் தடுமாற்றத்தையும் வெட்டி எடுத்துவிடுவோம். வெட்டிய இடத்தில் பள்ளம் விழும். காது அதை உடனே கண்டுபிடித்துவிடும். அதே அறையின் வெறும் ஒலியை அங்கே நிரப்பினால் ஒட்டுப்போட்டது தெரியாது.

இந்த வீட்டில் வெறும் ஒலி என்றால் விசைத்தறிச் சத்தம்.

பின்னறையில் அவருடைய கணவர் மூக்காண்டி தறி ஓட்டிக்கொண்டிருந்தார். பேட்டி முடியும்வரை நிறுத்த முடியுமா அண்ணாச்சி என்று வந்தவுடனேயே கேட்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். தறியை ஓட்டிக்கொண்டே இருந்தார்.

பரவாயில்லை. மைக்கை வாய்க்கு மிக நெருக்கமாக வைத்தால் குரல் முன்னே வரும், தறி பின்னே போய்விடும். எங்கள் சமுதாய வானொலியைக் கேட்பவர்களுக்கு எல்லாம் தெளிவாகக் கேட்கும்.

அவர் ஏன் தறியை நிறுத்தவில்லை என்பது பேட்டியின் நடுவில்தான் தெரிந்தது.

குருவிகுளத்துப் பையன்கள் எடுத்த குறும்படத்தில் யோகலட்சுமிக்குக் கணவனை இழந்தவள் வேடம். தாலியை ரவிக்கைக்குள் தள்ளிக்கொள்ளச் சொன்னார்கள். அப்படியும் கழுத்தில் கயிறு தெரிந்தது. அவரே கழற்றிவிட்டார். காட்சி முடிந்ததும் மறுபடி போட்டுக்கொண்டார்.

படத்துக்குப் பரிசு கிடைத்தது. ஊரில் திரையிட்டார்கள். அன்றிலிருந்து மூக்காண்டி அவரோடு பேசுவதில்லை. சோறு வேண்டுமென்றால் தட்டை லேசாகத் தள்ளுவார்.

அந்தப் படத்தில் ஓர் அழுகைக் காட்சி உண்டு. அதை நடிப்பின் உச்சம் என்று நேற்றுத்தான் என் விமர்சனத்தில் சொல்லிப் பதிவு செய்திருந்தேன். பேட்டியில் அதை அவரிடமும் சொன்னேன்.

"அத மாத்திரு புள்ள," என்றார் யோகலட்சுமி. "அது நடிப்பே இல்ல. கழட்டிக் கையில வச்சதும் அவுக முகம்தான் வந்து நின்னுச்சு. நெசமா இப்படி ஒரு நாள் வந்திரக் கூடாதுன்னு அழுதேன். போதும் போதும்னு பயலுக கத்துதானுவ, எனக்கு நிக்கல."

சொல்லும்போதே கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"இத அண்ணாச்சிகிட்ட சொன்னீங்களாக்கா?"

"பேசுனாத்தான சொல்ல முடியும்?"

அதோடு பேட்டி முடிந்திருந்தது. மீதம் இருந்தது இந்த ஒரு நிமிடம்தான். பதிவை ஓடவிட்டேன். இருவரும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். தறி ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தது.

திடீரென்று நின்றது.

விசைத்தறியில் குறுக்கே ஓடும் ஊடை நூல் அறுந்தால் தறி தானாகவே நின்றுவிடும். நூல் இருக்கிறதா என்று ஒவ்வொரு ஓட்டத்திலும் தொட்டுப் பார்க்க அதில் ஒரு சின்ன முள் உண்டு. யோகலட்சுமியும் அதைத்தான் நினைத்தார். பேசக் கூடாது என்பதால் விரல்களால் முடிச்சுப் போட்டுக் காட்டி, இதோ ஓடிவிடும் என்பதுபோல் தலையசைத்தார்.

காத்திருந்தோம். ஓடவில்லை.

பாதியில் நின்றுபோன ஒலி எனக்கு உதவாது. எழுந்து பின்னறை வாசலுக்குப் போனேன்.

மூக்காண்டி தறியை நிறுத்தும் கைப்பிடியைப் பிடித்தபடி, வாசல் வழியே எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். நூல் அறுந்திருக்கவில்லை.

"கண்ணத் தொடச்சிக்கிட்டு என்னமோ சொன்னாள்லா," என்றார் என்னிடம். "அத அவகிட்ட இன்னொருக்க கேளும்மா. இந்தச் சத்தத்துல எனக்கு ஒண்ணும் விளங்கல."

திரும்பி வந்து உட்கார்ந்தேன். பின்னால் தறி இல்லாத பதிலை மற்ற பதில்களோடு ஒட்டவே முடியாது. ஆனாலும் மைக்கைப் பிடித்துக்கொண்டு, அந்த அழுகைக் காட்சியைப் பற்றி முதலிலிருந்து கேட்டேன்.

யோகலட்சுமி மைக்கை விட்டு முகத்தைப் பின்னறைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அப்படித் திரும்பினால் குரல் சன்னமாகிப் போகும். பேட்டிக்கு உட்காரும் எல்லோரிடமும் அதை முதலிலேயே சொல்லிவிடுவேன்.

அவரிடம் சொல்லவில்லை.