பதினோராவது பீஸ்

அது காலை டீக்கு முன்பா பின்பா என்று ஷைனிக்கு இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவளை வந்து கூப்பிட்டது யார் என்பதும் குழம்புகிறது. மேசை மேல் பதினொரு ஜீன்ஸ் ஈரத்தோடு வரிசையாகக் கிடந்தன. அது மட்டும் நிச்சயம்.

அதில் ஒன்று ஜெரால்டுடையது.

மற்ற பத்தும் அதைப் பார்த்து அவள் செய்தவை.

ஜெரால்ட் அவள் புருஷன். கும்மிடிப்பூண்டியில் வெல்டர். திங்கட்கிழமை விடியலில் போனால் சனிக்கிழமைதான் காக்களூருக்கு வருவான். முந்தைய வருடம் நெடுஞ்சாலையில் ஒரு லாரி அவனை முடித்துவிட்டது.

அந்த ஜீன்ஸ் அவள் வேலை பார்க்கும் ஜீன்ஸ் கம்பெனியிலேயே கழித்த பீஸ். கழித்ததை லேபிளை வெட்டிவிட்டு ஆட்களுக்கே கொடுத்துவிடுவார்கள். மூன்று வருடம் வேலைக்கு அதைத்தான் போட்டான். துவைப்பதும் கும்மிடிப்பூண்டி அறையிலேயே. கடைசி வாரம் வேறொன்றை மாட்டிக்கொண்டு போனதில் அது வீட்டில் தங்கிவிட்டது.

அவள் அதைத் துவைக்கவில்லை. பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி வைத்தாள். எப்போதாவது முடிச்சை அவிழ்த்து முகர்ந்துவிட்டு, வாசனை போய்விடும் என்று உடனே கட்டிவிடுவாள்.

அப்புறம்தான் ஒரு வெளிநாட்டுப் பார்ட்டியிடமிருந்து இந்த ஆர்டர் பேச்சு வந்தது. நிஜமாகவே ஒருவன் வருடக்கணக்கில் உடுத்தித் தேய்ந்தது போல சாம்பிள் வேண்டும் என்றார்கள். இதுவும் கைநழுவினால் லைனில் பாதிப் பேரை நிறுத்திவிடுவார்கள் என்று சாம்பிள் மாஸ்டர் துளசிராமன் ஜெரால்டின் ஜீன்ஸைக் கேட்டு இரண்டு நாள் அவள் பின்னாலேயே வந்தார். தண்ணீரில் மட்டும் போடக் கூடாது என்று சொல்லி, பையை அவிழ்த்துக் கொடுத்தாள்.

நாலு நாள் தேய்த்தாள்.

புது ஜீன்ஸைக் காற்றடித்த ரப்பர் காலில் மாட்டி, அவனுடையதை எதிரே தொங்கவிட்டு, உப்புத்தாளால் தேய்த்தாள். இடது முழங்கால் அதிகம் வெளுத்திருந்தது. அந்தக் காலை மடித்து மண்டியிட்டுத்தான் வெல்டிங் வைப்பான். வலது தொடையில் போன் அளவுக்கு ஒரு கட்டம். வலது குதிகாலில் விளிம்பு நைந்திருந்தது. சற்றுச் சாய்ந்து நடப்பான். உட்காரும்போது தொடைச் சந்தில் விழும் மடிப்புகூட ஒரு பக்கம் நாலு, மறுபக்கம் மூன்று. ஒன்பது வருடம் கூட வாழ்ந்தும் கவனிக்காததை எல்லாம் கவனித்தாள்.

உள்பக்கத்தில் தேய்ப்பவளுக்கு வேலையில்லை.

இந்த மனுஷனை இவ்வளவு தெரிந்தவள் உலகத்தில் தான் ஒருத்திதான் என்று அந்த நாலு நாளும் அவளுக்குள் இருந்தது. அழுகைகூட வரவில்லை.

பத்து சாம்பிள் கேட்டால் உபரியாக ஒன்று சேர்த்துப் போடுவது அங்கே வழக்கம். இந்த முறை துணி பத்துக்குத்தான் இருந்தது என்பது வாஷிங்கில் இருந்த பாக்கியராஜுக்குத் தெரியாது. யாரோ மாதிரிக்குத் தொங்கியதையும் எடுத்துக் கூடையில் போட்டிருந்தார்கள். எண்ணினான். பதினொன்று. கணக்கு சரி என்று நுரைக்கல்லோடும் பிளீச்சோடும் எல்லாவற்றையும் ஒரே மெஷினில் ஓட்டிவிட்டான்.

வாசனை போயிற்று. அதற்கு இனி ஒன்றும் செய்வதற்கில்லை.

எது ஜெரால்டுடையது என்றாவது தெரிய வேண்டும்.

ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். முழங்கால், கட்டம், விளிம்பு, மடிப்பு. பதினொன்றும் ஜெரால்டாகவே இருந்தன.

“இன்னாம்மா, உன் கையால தேச்சது. உனுக்கே தெரியலன்னா வெள்ளக்காரனுக்கு இன்னா தெரியப் போவுது?”

துளசிராமன் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். பத்தும் அன்றே போயாக வேண்டும். கூரியர் ஆள் கேட்டில் நிற்பதாக போன் வந்ததும் வெளியே போனார்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஜெனிபர் நின்றிருந்தாள். பாக்கெட் தைப்பவள். கும்மிடிப்பூண்டி பக்கத்துப் புதுவாயல்காரி. வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. யாரோடும் அதிகம் பேச மாட்டாள்.

அவள் முழங்காலையும் விளிம்பையும் பார்க்கவில்லை. ஒவ்வொன்றின் வலது பாக்கெட்டிலும் கையை விட்டுக்கொண்டே வந்தாள். ஏழாவதில் கை நின்றது.

“இதாங்க்கா.”

சொல்லிக்கொண்டே பாக்கெட்டின் உள்துணியை வெளியே இழுத்தாள். அடியில் ஓர் ஒட்டு. மஞ்சள் பூப்போட்ட சுடிதார்த் துணி. கையால் போட்ட, மிகச் சிறிய, நெருக்கமான தையல்.

ஷைனி வீட்டில் அப்படி ஒரு துணி இருந்ததே இல்லை.

காட்டிய பிறகுதான் தான் எதைக் காட்டினோம் என்று ஜெனிபருக்கு உறைத்திருக்க வேண்டும். கையை எடுக்கவில்லை. முகம் மட்டும் வெளிறிப்போயிற்று. வாஷிங் மெஷின் அடுத்த சுற்றுக்குத் தண்ணீர் இழுக்கும் சத்தம் கேட்டது.

ஷைனி விரலால் அந்த ஒட்டை மெல்ல உள்ளே தள்ளினாள். பாக்கெட்டின் மேல் ஈரத்தைத் தடவிச் சமப்படுத்தினாள்.

துளசிராமன் திரும்பி வந்து, கிடைத்துவிட்டதா என்றார்.

“இது இல்ல மாஸ்டர்,” என்றாள் ஷைனி. ஓரத்தில் கிடந்த வேறொன்றை எடுத்துச் சுருட்டி, தன் பையில் வைத்துக்கொண்டாள்.

ஆர்டர் கிடைத்தது. துளசிராமன் அடுத்த வருடம் திருப்பூருக்குப் போய்விட்டார். பாக்கியராஜ் இன்னும் வாஷிங்கில்தான் இருக்கிறான். பத்தில் உள்ளே பூத்துணி ஒட்டியிருந்த பீஸ்தான் பார்ட்டிக்குப் பிடித்தது; எல்லாவற்றிலும் அந்த ஒட்டு வேண்டும் என்று எழுதினார்கள். ஜெரால்டின் ஜீன்ஸ் திரும்பி வரவில்லை. இரண்டாயிரம் ஜீன்ஸுக்கு ஷைனியும் இன்னும் ஐந்து பேரும் முழங்கால் தேய்த்தார்கள். இரண்டாயிரத்துக்கும் உள்ளே ஒட்டு தைத்தது ஜெனிபர்.