குனியாதவன்

தமிழனின் முதுகெலும்பு வளைவதற்காகப் படைக்கப்பட்டதே அல்ல என்று அவன் அறிவித்தான்.

கேன்டீன் பெஞ்சின் மேல் ஏறி நின்று அறிவித்தான். கையில் பாதி முட்டை பப்ஸ்.

யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கொரிய மொழியும் பண்பாடும், இளங்கலை, இரண்டாம் ஆண்டு. முதல் பருவத்தின் முதல் பாடமே குனிவதுதான். பெரியவரைக் கண்டால் இடுப்பிலிருந்து வளைய வேண்டும். எவ்வளவு பெரியவரோ அவ்வளவு கீழே.

வகுப்பில் பத்தொன்பது பேர். பதினெட்டுப் பேர் வளைந்துவிட்டார்கள்.

மிச்சம் அவன்.

மேசையில் மூன்று போன்கள் மல்லாந்து கிடந்தன. ஒன்று அவனுடையது. மற்றவை எதிரே உட்கார்ந்திருந்த சுகிர்தாவுக்கும் பெலிக்ஸுக்கும் சொந்தம்.

புசான் நகரத்தில் ஓராண்டுப் படிப்பு. விமான டிக்கெட்டும் விடுதியும் இலவசம். இடம் ஒன்றே ஒன்று; போட்டி இந்த மூவருக்குள். நேர்காணல் நேற்று முடிந்தது. தேர்வானவரைப் பேராசிரியர் ஹான் இன்று மதிய இடைவேளையில் தானே போனில் அழைப்பார். மற்ற இருவருக்கும் நாளை மின்னஞ்சல் வரும். ஆறுதல் சொல்ல மின்னஞ்சல்தான் எல்லோருக்கும் வசதி.

"எறங்குடா. பெஞ்சு ஆடுது," என்றாள் சுகிர்தா.

பெஞ்சு நன்றாகத்தான் இருந்தது. ஆடியது அவன்தான்.

இறங்கினான். தீர்மானத்தை மட்டும் திரும்பப் பெறவில்லை.

மரியாதை மனசில் இருந்தால் போதும் என்பது அவன் கட்சி. கட்சியில் ஒரே உறுப்பினர். அதனால் பிளவுபட வாய்ப்பில்லை.

எதிர்க்கட்சியின் சீரழிவுக்கு அவனிடம் ஆதாரங்கள் இருந்தன.

சுகிர்தா சற்று முன்னால்தான் டீ டோக்கனை இரண்டு கையாலும் ஏந்தி, தலை தாழ்த்தி வாங்கியிருந்தாள். கல்லாவில் இருந்த மாரிச்சாமி அண்ணன் பயந்துவிட்டார். "ஏம்மா, டோக்கன்தான் குடுக்கிறேன். திருநீறு இல்ல."

பெலிக்ஸின் நிலைமை இன்னும் மோசம். போன மாதம் சாம்பார் வடைத் தட்டோடு வந்துகொண்டிருந்தவன், எதிரே பேராசிரியர் ஹான் வர, தட்டோடு குனிந்தான். சாம்பார் அவர் காலணியில் இறங்கியது. பதறிப்போன அவர், பரவாயில்லை என்று குனிந்தார். அவரே குனிந்துவிட்டாரே என்று இவன் இன்னும் கீழே குனிந்தான்.

வடையும் போனது.

"நேத்து இன்டர்வியூக்கு உள்ள போனப்ப குனிஞ்சியா இல்லியா? அத மட்டும் சொல்லு," என்றான் பெலிக்ஸ்.

"கும்புட்டேன்."

"குனியாமலா?"

"நிமிந்து நின்னு கும்புட்டேன்."

"செத்தடா மச்சி."

பெலிக்ஸின் முகத்தில் துக்கம் இருந்தது. குரலில் இல்லை.

"எனக்கென்ன? கெடச்சா போவேன். இல்லாட்டி இங்கயே இருப்பேன்," என்றான் அவன்.

உண்மையில் காலையிலிருந்து அவன் கழிப்பறைப் பக்கமே போகவில்லை. அங்கே சிக்னல் கிடைக்காது.

புசானில் பனி பெய்யுமா என்று தேடிப் பார்த்திருந்தான். அபூர்வம் என்று வந்தது. கேள்வியை மாற்றிப் போட்டுத் தேடினான். அப்போதும் அபூர்வம். அபூர்வம் என்றால் பெய்யும் என்றுதானே அர்த்தம்.

மணி அடித்தது.

மூன்று கைகள் ஒன்றாகப் பாய்ந்தன. ஒரு டீ கவிழ்ந்தது.

சுகிர்தாவின் போன். அவள் அம்மா.

"சாப்டேம்மா. ஆமா, எலுமிச்ச சாதந்தான். இப்ப வையி. ஐயோ, வையின்னா வைம்மா!"

மூவரும் மூச்சு விட்டார்கள். கவிழாத டீக்களில் ஆடை படிந்தது.

இடைவேளை முடியப்போகிறது. பக்கத்து மேசைகள் காலியாகத் தொடங்கின.

மறுபடியும் மணி.

அவனுடைய போன். திரையில் கொரிய எழுத்தில் பேராசிரியரின் பெயர்.

அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பெலிக்ஸ் மெல்லுவதை நிறுத்தினான். சுகிர்தா எட்டி அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். அந்த அடியில் வாழ்த்தும் வயிற்றெரிச்சலும் சரிபாதி.

"எடுடா பன்னி!"

எடுத்துக்கொண்டு ஓடினான். கேன்டீனின் பின்பக்கம். அங்கே ஆள் கிடையாது. காலி சிலிண்டர்கள் வரிசையாக நின்றன. ஒரு பூனை எழுந்து வழிவிட்டது.

ஜன்னல் கம்பி வழியே இருவரும் எட்டிப் பார்த்தார்கள்.

அவன் போனைக் காதில் வைத்தான். இன்னொரு கையும் தானாக வந்து அதைத் தாங்கிக்கொண்டது.

கொரிய மொழியில் ஆமாம் என்றான். மறுபடியும் ஆமாம் என்றான்.

ஒவ்வொரு ஆமாமுக்கும் தலை ஓர் அங்குலம் இறங்கியது. பிறகு தோள். பிறகு இடுப்பு.

எதிரே சிலிண்டர்கள் மரியாதையை ஏற்றுக்கொண்டு நின்றன.

சட்டைப் பையிலிருந்து பேனா விழுந்தது. அவன் கவனிக்கவில்லை.

"வீடியோ எடுக்கவா?" என்றான் பெலிக்ஸ்.

"வேணாம், விடு." சுகிர்தாவின் குரல் ஒரு மாதிரி இருந்தது. "போயிட்டு வரட்டும்."

பேச்சு முடிந்தது. நிமிர்ந்தான். திரை அணைந்திருந்தது.

சட்டென்று சுற்றுமுற்றும் பார்த்தான்.

ஜன்னலுக்குக் கீழே இரண்டு தலைகள் பதுங்கின.

பூனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. அதை அவன் பொருட்படுத்தவில்லை.

துறைக் கட்டடம் இருந்த திசைக்குத் திரும்பினான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். குதிகால்களைச் சேர்த்தான்.

இந்த முறை நிதானமாகக் குனிந்தான்.