நெவில் ஆட்டிய ஒற்றைக் கொடி

தோற்றது பிர்ராங் அணி. ஆனால் பிர்ராங்கின் நெவிலுக்குப் பீர் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்ததோ ஜெயித்த கூனாவில்காரர்கள். அதுவும் இது மூன்றாவது.

"குடிய்யா நெவில். உன்னாலதான் கோப்பை எங்க கையில," என்றான் அவர்கள் கேப்டன் ரஸ்.

நடந்தது இவ்வளவுதான். ஆஸ்திரேலியக் கால்பந்து இறுதி ஆட்டம், பிர்ராங் நான்கு புள்ளி பின்னால், கடைசி உதை. நடுக் கம்பங்கள் இரண்டுக்கும் இடையே பந்து போனால் ஆறு புள்ளி. சற்று விலகினால் ஒன்றே ஒன்று. பந்தோ கம்ப உச்சிக்கும் மேலே பறந்தது. கீழே வெள்ளைக் கோட்டில் நின்ற கோல் நடுவரைத் தவிர யாருக்கும் நிச்சயமில்லை.

சின்ன ஊர்ப் போட்டிக்குச் சம்பள நடுவர் எங்கே கிடைப்பார்? கோல் நடுவராக நிற்க, கிளப்புக்கு ஒரு ரசிகனை அனுப்பச் சொல்வார்கள். பிர்ராங் அனுப்பியது நெவிலை. ஆறு புள்ளிக்கு இரண்டு கொடி, ஒன்றுக்கு ஒரு கொடி. அவர் ஒரே கொடியை ஆட்டினார்.

"வேற எவனா இருந்தாலும் ரெண்டு கொடியையும் ஆட்டி ஆறு வாங்கிக் கொடுத்திருப்பான்," என்றான் ரஸ். "ஆமா, எந்தப் பக்கம் விலகுச்சு?"

"ஏதோ ஒரு பக்கம்," என்றார் நெவில், நுரையைப் பார்த்தபடி.

பிர்ராங் கிளப்பில் 'பை' என்ற கறி அடைத்த பலகாரம் விற்கும் ஜன்னலிலிருந்து அவர் மனைவி டோரீன் குரல் கொடுத்தாள். "உனக்கு இங்க பை கிடையாது. கூனாவில்ல போய்ச் சாப்பிட்டுக்கோ."

அப்போது டரில் நொண்டிக்கொண்டு வந்தான், முழங்காலில் ஐஸ் கட்டுடன். கடைசி உதை அவனுடையது. பதினெட்டு வருஷம் ஆடி ஒரு கோப்பைகூடத் தொடாதவன், இன்றோடு ஓய்வு.

கூட்டம் விலகி வழி விட்டது. டரில் அடிக்கவில்லை, கையை நீட்டினான்.

"எனக்கு உள்ள போன மாதிரிதான் தெரிஞ்சுது, நெவில். ஆனா சொந்த டீமுக்கு எதிரா யார் பொய் சொல்லப்போறா? என் உதைதான் கோணல். மனசு ஆறிப்போச்சு."

நெவில் அவன் கையைப் பிடித்தவர் விடவில்லை. "ரெண்டு கொடி காட்டியிருந்தா திருட்டுப் பயல்னு சொல்லியிருப்பாங்க, டரில். அதான்..."

"எவன் என்ன சொன்னா என்ன? நீங்க பார்த்ததைத்தானே காட்டினீங்க."

நெவில் தலையைத் தூக்கவில்லை.

"பார்க்கல. பயத்துல கண்ணை மூடிக்கிட்டிருந்தேன்."