நல்ல வேட்டைக்காரர்

எக்கார்ட் துப்பாக்கியைத் தாழ்த்தித் தரையில் வைத்துவிட்டார்.

புல் மறைப்புக்குள் அவருக்குப் பின்னால் குந்தியிருந்த லேக்சனால் நம்ப முடியவில்லை. எதிரே அத்திமரக் கிளையில், கட்டித் தொங்கவிட்ட நீர்யானைத் தொடையைச் சிறுத்தை கிழித்துத் தின்றுகொண்டிருந்தது. தடம் பார்க்கிற வேலைக்கு வந்த நாளிலிருந்து, பணம் கட்டி வேட்டைக்கு வந்து, அந்த நேரத்தில் துப்பாக்கியைக் கீழே வைத்த ஆளை அவன் பார்த்ததில்லை.

“என்ன ஆச்சு? சுடுங்க,” என்று வேட்டை முகாம் முதலாளி ரூடி அவர் காதோரம் கிசுகிசுத்தான்.

“பொட்டை. மடி கனத்துத் தொங்குது பாரு. குட்டி இருக்கு.”

“இருந்தா என்ன? பொட்டையைச் சுடக் கூடாதுங்கிற சட்டமெல்லாம் தலைநகரு லுசாக்காவுல. இங்க யாரு வந்து காலைத் தூக்கிப் பாக்கப் போறா?”

“வேண்டாம் ரூடி.”

ரூடி காறித் துப்பினான். அது லேக்சனின் கால்மாட்டில் வந்து விழுந்தது. சிறுத்தை ஒரே தாவலில் புதருக்குள் போய் மறைந்தது.

லேக்சனுக்கு ரூடியைப் பார்த்தாலே குமட்டும். கறியில் நெளிகிற புழுக்களைக்கூட லேக்சன் கூசாமல் வெறுங்கையால் வழித்துப் போடுவான். அந்த ஆளின் சிரிப்பைத்தான் சகிக்க முடியாது. போன பருவத்தில் வந்த ஒருவர், செத்த சிறுத்தையின் வாயில் சுருட்டைச் செருகிப் படம் எடுத்துக்கொண்டார். தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இளித்தது ரூடிதான்.

அதுவும் பால் கொடுத்துக்கொண்டிருந்த சிறுத்தை. அதன் குட்டிகள் எங்கோ பாறைக்குள் கத்திக்கொண்டிருந்தன. லேக்சன் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் கத்தல் நின்றுவிட்டது. அவற்றின் கண்களில் மொய்த்திருந்த எறும்புகளை நினைத்தால் இப்போதும் அவனுக்கு வாயில் வைத்த களி இறங்காது.

மறுநாள் காலை எக்கார்ட் வேலையாட்களின் அடுப்படிக்கே வந்துவிட்டார். லேக்சனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சோளக்களியைக் கையாலேயே உருட்டி, கப்பெந்தா என்கிற பொடிமீன் கருவாட்டுக் குழம்பில் தோய்த்துத் தின்றார்.

“என்ன லேக்சன், நேத்திலேருந்து என்னையே பாத்துக்கிட்டிருக்கே?”

“உங்கள மாதிரி ஒருத்தர் இங்க வந்ததில்ல புவானா. வர்றவங்க எல்லாம் நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டுதான் வருவாங்க.”

அவர் சிரித்தார். பிறகு முகம் வாடிப்போயிற்று. “பாவம், அந்தக் குட்டிங்க எங்க கெடக்குதோ. கழுதைப்புலி தூக்கிட்டுப் போயிருக்குமோ என்னவோ.”

லேக்சன் சுற்றுமுற்றும் பார்த்தான். ரூடி தூரத்தில் வண்டிக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான். பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாததை இவரிடம் சொல்லலாம் என்று தோன்றியது.

“பத்திரமா இருக்கு புவானா. ரெண்டு குட்டி. காஞ்ச ஆத்துக்கு மேக்கால, இடி விழுந்த மரத்துக்குக் கீழ, பாறைச் சந்துல. தடத்தையெல்லாம் நான் அழிச்சு வெச்சிருக்கேன். ரூடிக்குத் தெரியாது.”

“ரெண்டா?” எக்கார்ட்டின் குரல் தழைந்தது. “எவ்வளவு பெருசு இருக்கும்?”

லேக்சன் இரண்டு கைகளையும் அகட்டிக் காட்டினான்.

“அடடா. அதுங்க மேல ஒரு கீறல்கூட விழக் கூடாது லேக்சன்.”

அன்று காலை முழுக்க லேக்சன் சீட்டியடித்துக்கொண்டே திரிந்தான். வெயில் ஏறியதும் ரூடி அவனைக் கூப்பிட்டான்.

“டேய், மறைப்பு ஓட்டையா இருக்கு. அக்கரைக்குப் போய் நல்ல உயரமான புல்லா அறுத்துக் கட்டிட்டு வா. அவசரம் இல்ல, ஆண் சிறுத்தை வந்தா பொழுது சாஞ்சுதான் வரும்.”

அவன் புல்லுக்கட்டோடு திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. மறைப்பைச் செப்பனிட்டுவிட்டு மூவரும் உள்ளே உட்கார்ந்தார்கள். தொடைக்கறி இன்னும் அழுகி, மூக்கைப் பொத்தினாலும் நாறியது. ரூடியின் மணிக்கட்டுகளில் மெல்லிய சிவப்புக் கோடுகள் தெரிந்தன.

“கையில என்ன புவானா?”

“முள்ளு கிழிச்சிருச்சு. வாய மூடிட்டு மரத்தைப் பாரு.”

ஆண் சிறுத்தை வரவில்லை. நேற்று வந்த அதே தாய்தான் வந்தது. கிளையில் ஏறியும் கறியைத் தொடவில்லை. மேற்குப் பக்கமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்து, தாழ்ந்த குரலில் கூப்பிட்டது. எக்கார்ட் துப்பாக்கியை எடுத்தார். எப்படியும் தாழ்த்திவிடுவார் என்று லேக்சன் நிம்மதியாக இருந்தான்.

வெடித்தது. சிறுத்தை ஈர மூட்டை மாதிரி தொப்பென்று விழுந்தது.

லேக்சன் மரத்தடிக்குப் போனபோது எக்கார்ட் மண்டியிட்டு, மயிரை விரலால் பிரித்துப் பிரித்துக் குண்டு பாய்ந்த ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். மடியிலிருந்து கசிந்த பால் அவர் பூட்ஸில் சொட்டியது. முகத்தைச் சுளித்துக்கொண்டு அதை ஒரு கொத்துப் புல்லால் துடைத்து எறிந்தார்.

ரூடி இளித்துக்கொண்டு நின்றான்.

“நேத்து நீங்கதானே வேண்டாம்னீங்க,” என்றான் லேக்சன். “குட்டிங்க பட்டினி கெடந்தே செத்துடுமே புவானா.”

எக்கார்ட் எழுந்து அவன் தோளில் கை வைத்தார். காலையில் பேசிய அதே கனிவான குரலில் சொன்னார்.

“குடும்பத்தோட பாடம் பண்ணி வெச்சாதான் கூடத்துல அழகு லேக்சன். குட்டிங்க மத்தியானமே ஐஸ்பெட்டிக்குள்ள போயாச்சு.”