சாட்சிக்கு வந்த பாட்டில்

"என் பேரை நான் வச்சிக்கிறதுக்கு கவர்மென்ட்டு இன்னாத்துக்கு சார் தடா போடுது?"

செம்பாக்கத்தில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்த அந்தச் சின்ன ஆபீஸில், குப்பம்மா கடிதத்தை மேஜைமேல் போட்டாள். டிரேட்மார்க் விண்ணப்பங்கள் எழுதித் தரும் ஸ்ரீநிவாசராகவன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார்.

"தடா இல்லம்மா, ஆட்சேபம். 'குப்பம்மா கருவாட்டுத் தொக்கு'ன்னு கேட்டிருக்கோம். குப்பம்மாங்கறது யார் வேணா வச்சிக்கற பேர். கருவாட்டுத் தொக்குங்கறது பொருளோட பேர். இதுல உங்களுக்குன்னு தனியா என்ன இருக்குன்னு கேக்கறாங்க."

"ருசி கீது சார். துன்னு பார்த்துட்டு சொல்லச் சொல்லு."

"அவங்க தின்னு பார்க்க மாட்டாங்கம்மா. பேப்பரைத்தான் பார்ப்பாங்க."

குப்பம்மா கோவளம் பக்கத்து மீனவக் குப்பத்துக்காரி. பதினோரு வருஷமாக மாடம்பாக்கம், பள்ளிக்கரணை என்று கடை கடையாகத் தொக்கு போடுகிறாள். பாட்டிலில் சிவப்பு மூடி, லேபிளில் அவள் முகம். கேம்ப் ரோடு சூப்பர் மார்க்கெட்காரர் அலமாரியில் ஒரு வரிசை தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் இந்த ஆட்சேபம் தீர்ந்தால்தான்.

"ஒரு மாசத்துக்குள்ள பதில் போடணும். குப்பம்மான்னாலே உங்க தொக்குதான்னு ஜனங்களுக்குத் தெரியும்னு நிரூபிக்கணும். கஸ்டமருங்ககிட்ட லெட்டர் வாங்குங்க. அப்புறம், உங்க பாட்டிலைக் காப்பியடிச்சு யாராவது விக்கறாங்களா?"

"அதெல்லாம் இல்ல சார். நம்ம ஏரியால யாரு அப்டி செய்வா?" என்றாள் பெருமையாக.

"ப்ச்." அவர் முகம் விழுந்துவிட்டது. "ஒரு போலி இருந்தா நம்ம பதில் கல்லு மாதிரி நிக்கும். ஒருத்தன் திருடறான்னாதானே அந்தப் பேருக்கு மதிப்பிருக்குன்னு அர்த்தம்? போலி வராத சரக்கை யாரும்மா மதிக்கறா?"

தன்னை யாரும் ஏமாற்றவில்லையே என்று குப்பம்மாவுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரமே ஒரு பையோடு வந்தாள். உள்ளே இரண்டு பாட்டில், பள்ளிக்கரணைக் கடை பில். ஒன்று அவளுடையது. இன்னொன்றிலும் அதே பேர், அதே சிவப்பு மூடி. படத்தில் மட்டும் வேறு யாரோ ஓர் அம்மாள், கழுத்து நிறைய நகையோடு.

கருவாட்டு வாசனைக்கு ஜன்னலைத் திறந்து வைக்கும் ஸ்ரீநிவாசராகவன், அந்தப் பாட்டிலை முத்தம் கொடுக்காத குறையாக நாலு பக்கமும் போட்டோ எடுத்தார். 'இந்த மோசடிக் கும்பலால் எமது கட்சிக்காரர் அடைந்த மன உளைச்சல்' என்று எட்டுப் பக்கம் எழுதி அனுப்பினார்.

பதிலை ஏற்றுக்கொண்டார்கள். சேதி கேட்டு குப்பம்மா ஸ்வீட் பெட்டியோடு வந்த நேரத்தில் சூப்பர் மார்க்கெட்காரரிடமிருந்து போன். ஸ்பீக்கரில் போட்டாள்.

"நீங்க அனுப்பின டிரேட்மார்க் பேப்பர் பார்த்தேம்மா, சந்தோஷம். ஆனா கஸ்டமருங்க எல்லாம் இன்னொரு பாட்டிலைத்தான் கேக்கறாங்க. நகை போட்ட அம்மா படம் இருக்குமே, அதான் ஒரிஜினல் ருசியாம். அவங்க நம்பர் இருந்தா குடுங்களேன்."

ஸ்ரீநிவாசராகவன் கொதித்துப்போனார். "விடக்கூடாதும்மா. அந்தப் பொம்பளை மேல கேஸ் போட்டு உள்ள தள்ளிடலாம். யாருன்னு விசாரிச்சீங்களா?"

குப்பம்மா ஸ்வீட் பெட்டியை மேஜைமேல் வைத்தாள்.

"உள்ள தள்ளிடாத சார், என் பொண்ணு வாழ்க்கை பூடும். போலி ஓணும்னு நீ கேட்டியேன்னு நாந்தான் நாப்பது பாட்டில் போட்டேன்; படத்துல கீறது என் சம்பந்தி ஞானம்மாள். ரெண்டும் ஒரே சட்டில வச்ச தொக்குதான் சார், அவ மூஞ்சிக்கு மட்டும் எப்டி சார் ருசி வந்துச்சு?"