உள்ளங்கைச் சூடு

உள்ளங்கையில் பதித்திருந்த போன் மறுபடியும் கொதித்ததால், எழுபத்திரண்டு வயது குலோத்துங்கன் தன் மனைவி தமயந்தியோடு சர்வீஸ் சென்டருக்குப் போனார்.

கையைப் பரிசோதித்த செலின் என்ற பெண், “சார், இந்தப் பழைய அனிமேஷன் பிளேயரை எடுத்தாகணும். இது ஓடுறப்பல்லாம் போன் சூடாகி, உங்க இதயத்துடிப்பைக் கவனிக்கிறதை நிறுத்திடுது,” என்றாள்.

குலோத்துங்கன் கையை இழுத்துக்கொண்டார். ஐம்பது வருடங்களுக்கு முன் ஒரு ஜவுளிக்கடையின் இணையதளத்துக்கு அவர் முகப்புப் படம் செய்திருந்தார். பட்டுச்சேலை விரிய, மயில் ஆட, கடையின் பெயர் எழுத்தெழுத்தாகப் பறந்து வரும் நாற்பது நொடிப் படம். வேறெந்தப் பிளேயரிலும் அது ஓடாது. தினமும் காலையில் காப்பியோடு அதை ஒருமுறை பார்த்துவிடுவார்.

“அந்தக் கடையில வேலை பார்த்த இவ, இந்தப் படத்தைப் பார்த்துத்தாம்மா என்னைத் தேடி வந்தா. இதயம் ஒரு பக்கம் கிடக்கட்டும்,” என்றார்.

தமயந்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள். “அதை நான் முழுசாப் பார்த்ததே இல்லைங்க. சைட் திறக்க நேரமாகுதுன்னு உங்களைத் திட்டிட்டு வரச் சொல்லித்தான் முதலாளி அனுப்பினார். உங்க முகத்தைப் பார்த்ததும் திட்ட மனசு வரல.”

“அப்ப கடையில தினமும் சைட்டைத் திறக்கிறப்ப என்ன பண்ணினீங்க?” என்று கேட்டார் குலோத்துங்கன்.

“படத்தைத் தாண்டிப் போக மூலையில ‘ஸ்கிப்’னு சின்னதா ஒரு பட்டன் இருக்குமே, அதை அமுக்கிடுவோம்.”

குலோத்துங்கனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் பட்டனையும் அவர்தான் செய்தார், வேண்டாவெறுப்பாக, அரை மணி நேரத்தில். வாழ்நாளில் அவர் செய்தவற்றில் எல்லோருக்கும் பயன்பட்டது அது ஒன்றுதான் போலிருக்கிறது.

“எடுத்துடும்மா,” என்று கையை நீட்டினார்.