தள்ளிவிட்ட வெளிச்சம்

ஒரு தியேட்டரில் முப்பரிமாணப் படம் காட்டும் புரொஜெக்டரின் முன்னால் ஒரு வடிகட்டி நின்றது. மேலும் கீழுமாக, நின்றபடி அதிரும் ஒளியைத் திரைக்கு அனுப்பும். பக்கவாட்டில், படுத்தபடி அதிரும் ஒளியைப் பக்கத்திலிருந்த கறுப்புத் தகட்டின்மேல் தள்ளிவிடும்.

"அண்ணே, எனக்கு வர்றது பாதிதான்," என்றது திரை. "கதாநாயகி யாரு, தோழி யாருன்னே தெரியலன்னு ஜனங்க சிரிக்கிறாங்க. நாளைக்கும் மங்கலா இருந்தா உங்களைக் கழட்டிப் பெட்டியில போட்டுடப் போறாராம் ஆபரேட்டர்."

பெட்டிக்குள் போக வடிகட்டிக்குப் பயம்தான். ஆனாலும், "கண்டதையும் உள்ளே விட்டா ரெண்டு கண்ணுக்கும் படம் கலங்கிடும்டா," என்று விறைத்து நின்றது.

மறுநாள் ஆபரேட்டர் தகட்டை எடுத்துவிட்டு, ஒளி அதிரும் திசையைத் திருப்பும் மெல்லிய படலம் ஒட்டிய ஒரு நிலைக்கண்ணாடியை அங்கே வைத்தார்.

"உங்களுக்கு வேண்டாததை இங்க தள்ளுங்க மாமா," என்றது கண்ணாடி.

"அது தேறாத கூட்டம்."

"படுத்திருக்கு, அவ்வளவுதானே? எழுப்பி விட்டாப் போச்சு."

காட்சி தொடங்கியது. வந்த ஒளியையெல்லாம் கண்ணாடி எழுப்பி நிறுத்தித் திரைக்கு அனுப்பியது. திரை பளிச்சென்றானது. யானை துதிக்கையை நீட்டியதும் முன்வரிசையே குனிந்தது. ஆபரேட்டர் பெட்டியைத் தூக்கிப் பரணில் போட்டார்.

வடிகட்டிக்கு நிம்மதிதான். இருந்தும் மனசு கேட்கவில்லை. "தம்பி, இதுல நான் அனுப்பினது எது, அவன் அனுப்பினது எது?"

திரை தேடிப் பார்த்தது. "தெரியலையேண்ணே. எல்லாம் நேராத்தான் நிக்குது."

அடுத்துப் படுத்தபடி வந்த ஒளியைக் கண்ணாடியின் பக்கம் மெல்ல நகர்த்தி, "பார்த்துப் போப்பா," என்றது வடிகட்டி.